மைக் கைக்கு வந்தால் என்ன பாடுவது? ஜப்பான் கரோக்கே அறைகளில் குமாஸ்தாக்கள் தவிப்பு!

ஜப்பானில் ராத்திரி கடைசி ரயிலைக் கோட்டை விட்டவர்கள் எங்கே போகிறார்கள் தெரியுமா? பலர் போவது கரோக்கே அறைக்கு! காலை 5 மணி வாக்கில் முதல் ரயில் கிளம்பும் வரை நாலு பேர் சேர்ந்து பாடியே பொழுதை ஓட்டி விடுகிறார்கள்.

கரோக்கே என்றால் "காலி ஆர்க்கெஸ்ட்ரா" என்று அர்த்தம். வாத்தியம் மட்டும் ஒலிக்கும். பாட்டு வரிகள் டி.வி. திரையில் ஓடும். பாட வேண்டியது நாம்தான்.

கேட்க ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால் புதுசாக வேலையில் சேர்ந்த பையனுக்கு வயிற்றைக் கலக்கும். பக்கத்தில் 55 வயது மானேஜர். எதிரே கூட வேலை பார்ப்பவர்கள். கையில் பாட்டு தேர்ந்தெடுக்கும் கருவி. எதைத் தட்டுவது? சிநேகிதர்களோடு போனாலும் இதே தவிப்புதான்.

காசு கணக்கு

இங்கே வாடகை தலைக்கு இவ்வளவு, அரை மணிக்கு இவ்வளவு என்று ஏறும். பல கடைகளில் ஆளுக்கு ஒரு பானமாவது வாங்கியாக வேண்டும். ஒரு பாட்டு 4 அல்லது 5 நிமிஷம். ஒரு மணி நேரத்தில் 13 பாட்டு தேறினால் அதிகம். நாலு பேர் என்றால் ஆளுக்கு மூன்றே பாட்டு!

அதில் ஒருத்தர் காதல் தோல்வி பாட்டை இழுத்து இழுத்துப் பாடினால் என்ன ஆகும்? மற்ற மூன்று பேரும் காசு கொடுத்துக் கொட்டாவி விட வேண்டியதுதான். அதனால்தான் துள்ளல் பாட்டுக்கு இத்தனை கிராக்கி. கடைக்காரர்களும் தாளம் தட்ட டாம்பரின் கொடுத்து விடுகிறார்கள். பாடாதவனுக்கும் அங்கே வேலை உண்டு.

இன்னொரு சங்கதி. அங்கே ஒருவரின் சொந்தப் பாட்டு மாதிரி ஆகிவிட்டதை "18-ம் நம்பர்" என்பார்கள். கபுகி நாடகக் குடும்பம் ஒன்று பொறுக்கி வைத்த 18 நாடகங்களிலிருந்து வந்த பேச்சு இது. மானேஜரின் 18-ம் நம்பரை நீங்கள் முந்திக்கொண்டு பாடினீர்களோ, தொலைந்தீர்கள்!

ஒன்றரை நிமிஷ வலை

துள்ளல் பாட்டு என்றதும் கார்ட்டூன் படப் பாட்டில் போய் விழுகிறவர்கள் ஏராளம். டி.வி.யில் அது ஒன்றரை நிமிஷம்தான் வரும். கரோக்கேயில் முழுப் பாட்டும் ஓடும். முதல் சரணம் முடிந்ததும் அய்யா திருதிருவென்று முழிப்பார். இரண்டாம் சரணம் யாருக்குத் தெரியும்?

வேகமும் ஒரு கண்ணி. 2023-ல் யோவாசோபி கோஷ்டியின் "ஐடல்" பாட்டு ஜப்பானையே ஆட்டி வைத்தது. கேட்கப் பிரமாதம். பாடிப் பார்த்தால் மூச்சு வாங்கும். சுதி எட்டவில்லை என்றால் கருவியில் குறைத்துக் கொள்ளலாம். மூச்சுக்குப் பட்டன் கிடையாது!

அப்படியானால் எது எடுபடும்? கூட்டத்துக்கு வேலை கொடுக்கிற பாட்டுதான். மறைந்த பாடகர் சைஜோ ஹிதேகி 1979-ல் பாடிய "யங் மேன்" நல்ல உதாரணம். அமெரிக்க மெட்டுதான். ஆனால் நாலு எழுத்தைக் கையால் காட்ட வேண்டும். மானேஜர் வயசுக்காரர்களும் எழுந்து விடுவார்கள். பீஸ் கோஷ்டியின் 2001 பாட்டான "அல்ட்ரா சோல்" வந்தால் எல்லோரும் குதித்துக் கத்தக் காத்திருப்பார்கள். குரல் போனாலும் யாருக்கும் தெரியாது!

2013-ல் வந்த ஏ.கே.பி.48 பெண்கள் கோஷ்டியின் "கொய்சுரு பார்ச்சூன் குக்கி" இன்னும் சுலபம். கனகாவா மாநில அரசு ஊழியர்களும் கவர்னருமே அதற்கு ஆடிப் படம் எடுத்து வெளியிட்டார்கள். பைல் கட்டும் கையே ஆடும்போது நமக்கென்ன வெட்கம்?

கட்டாயப்படுத்தினால்...

இதெல்லாம் பாட ஆசை இருப்பவனுக்கு. ஆசையே இல்லாதவன் கதி? "ஏ, நீ ஒரு பாட்டு பாடு" என்று மேலதிகாரி மைக்கைத் திணிப்பது அங்கே பெரிய தலைவலி. இதற்கு "கராஹரா" என்று பெயரே வைத்து விட்டார்கள். கரோக்கே தொந்தரவு என்று பொருள்.

பதவியைக் காட்டி ஊழியரை வதைப்பதைத் தடுக்க ஜப்பானில் 2019-ல் சட்டம் நிறைவேறியது. 2020 ஜூனில் பெரிய கம்பெனிகளுக்கும், 2022 ஏப்ரலில் சிறிய கம்பெனிகளுக்கும் அது அமலுக்கு வந்தது. அதில் கரோக்கே என்ற வார்த்தை கிடையாது. ஆனால் வேலைக்குச் சம்பந்தம் இல்லாததை அதிகாரத்தை வைத்து அழுத்தினால் புகாருக்கு இடம் உண்டு. மானேஜர்கள் கொஞ்சம் உஷாராகத்தான் இருக்க வேண்டும்.

இதற்கு நடுவில் கொரோனா வேறு வந்து போனது. மூடிய அறை, உரக்கப் பாட்டு, கைமாறும் மைக். 2020-ல் முதலில் மூடச் சொன்ன இடங்களில் கரோக்கேயும் ஒன்று. பகலில் பாடப் போன வயசானவர்கள் மத்தியில் நோய் பரவியது. தன்னந்தனியாகப் போய்ப் பாடுவது அதற்கு முன்பே பழக்கத்தில் இருந்தது. அப்படிப் போகிறவனுக்குப் பாட்டுத் தேர்வில் தகராறே இல்லை. அழுகைப் பாட்டை ஒன்பது தடவை பாடினாலும் கேட்க ஆள் கிடையாது.

ஆனால் 1971-ல் கோபே நகரில் வாத்தியக்காரர் இனோவே தைசுகே இந்தக் கருவியைச் செய்து மது விடுதிகளுக்கு வாடகைக்கு விட்டது தனியாகப் பாடவா? அவர் காப்புரிமை வாங்கவில்லை. கோடிகள் போயின. 2004-ல் அமெரிக்காவில் வேடிக்கையாகத் தரும் இக்நோபல் சமாதானப் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ளப் புது வழி கொடுத்தாராம்! வேடிக்கைதான், ஆனால் பொய்யில்லை. மானேஜர் பாடும்போது டாம்பரின் தட்டிய பையனைக் கேட்டால் தெரியும்.

இரவு 11 மணிக்கு மேல் 18 வயதுக்கு உட்பட்டவர்களை டோக்கியோவில் உள்ளே விடக்கூடாது. மற்றவர்களுக்கு நேரம் முடிய 10 நிமிஷம் இருக்கும்போது சுவரில் இருக்கும் டெலிபோன் அடிக்கும். "இன்னும் நீட்டிக்கிறீர்களா?" என்பார் கடைக்காரர். வேண்டாம் என்றால் பாக்கி இரண்டு பாட்டுதான். கடைசிப் பாட்டை ஒருத்தர் தனியாகப் பாடாமல், எல்லோரும் சேர்ந்து கத்துகிற மாதிரி போடுவதே நல்லது. பில்லை ஆளுக்குச் சமமாகப் பங்கு போடும்போது அப்போதுதான் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.