பாட்டுக்கு மட்டும் ஏன் அரைப்பேர்?

மெட்டல் கேட்கிற நம்ம பசங்களுக்கு மெட்டாலிக்காவைத் தெரியும். பாட்டு கேட்காதவனுக்கும் டீசேர்ட்டுல அந்தப் பேரைத் தெரியும். டயமண்ட் ஹெட் தெரியுமா என்று கேட்டுப் பாருங்க, அநேகம் பேர் முழிப்பாங்க. ஆனால் அந்த டயமண்ட் ஹெட் இல்லாமல் நாம் கேட்கிற மெட்டாலிக்கா இல்லை.

1976ல் இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் என்ற ஊரில் பள்ளிக்கூடப் பையன்கள் ஆரம்பித்த குழு அது. இசைக் கம்பனி எதுவும் கை கொடுக்காததால் 1980ல் முதல் அல்பத்தைத் தாங்களே அடித்து, வெறும் வெள்ளை உறையில் போட்டு, தபாலில் விற்றார்கள். 1981ல் லார்ஸ் உல்ரிக் என்ற 17 வயதுப் பையன் அமெரிக்காவிலிருந்து அவர்களைப் பார்க்கவே விமானம் ஏறிப் போனான். அவர்கள் வீட்டிலேயே தங்கினான். திரும்பி வந்து அதே வருஷம் மெட்டாலிக்காவைத் தொடங்கினான்.

ஆரம்பத்தில் மெட்டாலிக்காக்காரர்களும் யோக்கியர்களாக இருக்கவில்லை. டயமண்ட் ஹெட்டின் பாட்டுகளை மேடையில் வாசித்துவிட்டு யாருடையது என்று சொல்லாமல் விட்டதைப் பிறகு அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 1984ல் 'ஆம் ஐ ஈவில்' பாட்டைத் தட்டில் ஏற்றியபோது, எழுதியவர்கள் ஹரிஸ், டாட்லர் என்று பேர் போட்டார்கள். 1987ல் பட்ஜி, ஹோலோகோஸ்ட் மாதிரியான, பெரிய கூட்டத்துக்குத் தெரியாத குழுக்களின் பாட்டுகளை எடுத்து ஒரு தனித்தட்டே போட்டார்கள். அதிலும் யார் பாட்டு என்று இருந்தது. பேர் இருந்ததால் பணம் போனது. டயமண்ட் ஹெட் பெரிதாக ஜெயிக்கவே இல்லை. ஆனாலும் கிட்டார்காரர் பிரையன் டாட்லருக்கு அந்த உரிமைப் பணம் பல வருஷம் வந்தது. ஒரு வரி எழுத்து செய்த வேலை அது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1969ல் லெட் செப்பலின் போட்ட 'ஹோல் லொட்டா லவ்' பாட்டில் எழுதியவர்கள் என்று குழுக்காரர்கள் பேர் மட்டும்தான் இருந்தது. அதன் வரிகளில் பெரும்பகுதி வில்லி டிக்சன் எழுதி 1962ல் மடி வாட்டர்ஸ் பாடிய பாட்டிலிருந்து வந்தது. டிக்சன் 1985ல் வழக்குப் போட்டார், 1987ல் சமரசமானது. பேர் ஏறுவதற்குப் பதினெட்டு வருஷமும் ஒரு வக்கீலும் தேவைப்பட்டது. மடி வாட்டர்ஸ் யார்? மிசிசிப்பியில் ஸ்டோவல் என்ற பருத்தித் தோட்டத்தில் வேலை செய்தவர். 1941ல் ஆலன் லோமக்ஸ் பதிவுக் கருவியோடு அந்தத் தோட்டத்துக்கே போய் அவர் பாடியதைப் பதிந்தார், பேரையும் எழுதிக்கொண்டார். ஹெவி மெட்டலின் வேரைத் தோண்டிக்கொண்டே போனால் கடைசியில் வந்து நிற்கிற இடங்களில் ஒன்று, ஒரு தோட்டத் தொழிலாளியின் குடிசை.

நாமும் தோட்டம்தான். நம்ம குடிசையில், நம்ம லயத்தில் பாடினவங்க பேர் எங்கே?

வட்டகொடை மடகொம்பரை தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்துப் புத்தகமாக்கினார். 1947ல் தலவாக்கலை நாடாளுமன்ற உறுப்பினரான அதே சி.வி.தான். அவர் அதைச் செய்யாமல் விட்டிருந்தால் ரப்பர் தோட்டத்திலும் கோப்பித் தோட்டத்திலும் பாடியது எல்லாம் பாடினவங்களோடயே புதைந்திருக்கும். அந்தக் கடனை மறுக்க முடியாது. ஆனால் அவருக்குப் பிறகு வந்த நாம் அடுத்த அடியை வைக்கவில்லை. இன்றைக்கும் ஆய்வுக் கட்டுரையோ, விழா மலரோ, யூடியூப் வீடியோவோ, எதை எடுத்தாலும் 'மலையக நாட்டார் பாடல்' என்றுதான் இருக்கும். பாடினது யார், எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த வருஷம்? ஒன்றும் இருக்காது.

இதற்கு ஒரு ரெடிமேட் பதில் வைத்திருக்கிறோம்: "நாட்டார் பாடல் யாருக்கும் சொந்தமில்லை, அது மக்களோட சொத்து." கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மக்கள் என்று ஒருத்தர் வந்து பாடவில்லை. ஒரு தாலாட்டை ஒரு அம்மா பாடினாள். ஒரு ஒப்பாரியை ஒரு செத்த வீட்டில் ஒரு ஆச்சி கட்டினாள். மெட்டு பழசாக இருக்கலாம். கங்காணி பேரையும் துரை பேரையும் வைத்துப் புதுசாக வரி கட்டினது ஒரு ஆள். அந்த ஆளுடைய பேர் தொலையவில்லை, யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டுவிட்டு "பெயர் தெரியாத கவிஞர்" என்று எழுதுகிறோம்.

தோட்டத்தில் பேர் எழுதுகிற பழக்கமே இல்லையா என்ன? தோட்டம் மாதிரி பேர் எழுதின இடம் வேறெங்க இருக்கு! செக்ரோலில் ஒரு நாள் விடாமல் பேர். கொழுந்து நிறுத்தால் பேர். குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். நம்ம ஊரில் ஒரு நாள் கூலிக்கே 'பேர்' என்றுதான் பேர். உழைப்புக்குப் பேர் எழுதின கணக்குப்பிள்ளையிடம் பாட்டுக்கும் எழுதவில்லையே என்று கேட்க முடியாது. அது அவர் வேலையில்லை. அது நம்ம வேலை. நாம் அரைப்பேர்கூடப் போடவில்லை.

தப்பு அடிக்கிறவங்க விஷயம் இன்னும் மோசம். காமன் கூத்து, திருவிழா, செத்த வீடு, இப்போது போராட்டம், கலை விழா, எல்லாவற்றுக்கும் தப்பு வேண்டும். போஸ்டரில் தப்பின் படம் வேண்டும். மேடையில் கவிஞர் பேர், அறிவிப்பாளர் பேர், பொன்னாடை போர்த்துகிறவர் பேர் எல்லாம் சொல்லுவாங்க. தப்பு அடிக்கிறவங்களுக்கு மட்டும் "தப்பிசைக் குழுவினர்". ஏன்? மறதி என்று சொல்லாதீங்க, அதற்குப் பின்னால் சாதி இருக்கிறது. யார் அடிப்பது, யார் அடிக்கக்கூடாது என்று லயத்தில் எல்லாருக்கும் தெரியும். சத்தத்தை நம்ம அடையாளம் என்று தூக்கிக்கொண்டு, அடிக்கிற கையை மட்டும் கீழே விடுகிறோம்.

இப்போது 'எஞ்ஜாய் எஞ்சாமி'க்கு வருவோம். 2021 மார்ச்சில் அந்தப் பாட்டு வந்தபோது இங்கே லயத்துக்கு லயம் ஓடியது. அறிவுடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர், பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். 1964ல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை அந்தப் பக்கம் தள்ளினார்களே, அந்தக் கதையின் பேரன் அவர். அதனால்தான் நமக்கு அது சினிமாப் பாட்டு மாதிரி கேட்கவில்லை.

என்ன நடந்தது? அதே வருஷம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் கேள்வி கேட்டார், எதிர்ப்பு கிளம்பிய பிறகு அறிவுக்கும் ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே பாட்டு நடந்தது. மெட்டும் வரியும் தன்னுடையது என்று அறிவு எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தீயும் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள், அறிவுக்குரிய இடத்தை ஒருபோதும் மறைக்கவில்லை என்றார்கள். ஸ்டூடியோவுக்குள் யார் எவ்வளவு செய்தார்கள் என்று தீர்ப்புச் சொல்ல நான் அங்கே இருக்கவில்லை. ஆனால் அட்டையில் யார் இருந்தார்கள், மேடையில் யார் இல்லை என்பதை எல்லாரும் பார்த்தோம்.

நாமும் அன்று பேஸ்புக்கில் கொதித்தோம். நியாயம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன்: சென்னைக்காரர்கள் அறிவின் பேரை விட்டார்கள் என்று கத்தின நாம், நம்ம டிவிசனில் ஒப்பாரி பாடுகிற எத்தனை ஆச்சிமார் பேரை எழுதி வைத்திருக்கிறோம்? அறிவு வழியைக் காட்டிவிட்டார். 2024ல் வந்த அவருடைய அல்பத்துக்குப் பேரே 'வள்ளியம்மா பேராண்டி'. எங்கிருந்து வந்தது என்பதைத் தலைப்பிலேயே போட்டுவிட்டார்.

"பெரிய ஆள் எடுத்துப் பாடினால்தானே நம்ம பாட்டு வெளியே போகும், அதற்கு நன்றி சொல்லாமல் சண்டை பிடிக்கிறீங்களே" என்று சிலர் கேட்பார்கள். எடுக்கட்டும். எடுக்காமல் எந்த இசையும் வளராது. டயமண்ட் ஹெட்டை எடுத்ததற்காக யாரும் மெட்டாலிக்காவைத் திட்டவில்லை. எடுத்த இடத்தைச் சொல், காசு வந்தால் பங்கு கொடு, அவ்வளவுதான் கேட்கிறோம். ஆனால் பேர் நம்ம கையிலேயே இல்லாவிட்டால் வெளியே இருக்கிறவனிடம் எதை வைத்துக் கேட்பது? வில்லி டிக்சனுக்கு வழக்குப் போட முடிந்தது, ஏனென்றால் 1962 தட்டில் அவர் பேர் இருந்தது.

வருகிற மாசியில் காமன் கூத்தைப் போனில் பிடிக்கப் போகிற எல்லாருக்கும் இது. வீடியோவுக்குக் கீழே 'மலையகக் கலாசாரம்' என்று போட்டுவிட்டுப் போகாதீங்க. தப்பு அடிச்சது யார், பாடினது யார், அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேளுங்க. கேட்டால் சொல்லுவாங்க, சந்தோஷமாகச் சொல்லுவாங்க. பேர் போட விருப்பமா என்றும் கேளுங்க. தோட்டம், டிவிசன், திகதி எழுதுங்க. மேடை நடத்துகிறவங்க நோட்டீசில் முழுப்பேர் போடுங்க. விழாவில் காசு வந்தால் பொன்னாடைக்கு முன்னால் அவங்க பங்கைக் கொடுங்க.

இதெல்லாம் ஒரு கொப்பியும் பேனையும் இருந்தால் முடிகிற வேலை. பாடத் தெரிந்த ஆச்சிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்த வருஷம் கேட்காவிட்டால் அடுத்த வருஷம் கேட்க ஆள் இருக்குமா என்பதுதான் கேள்வி.