பகலுறக்கமும் பழிச்சொல்லும்

கண்டியிலிருந்து கலகா, தெல்தோட்டை நோக்கிச் செல்லும் பஸ் வண்டிகளில் மாலைவேளையிற் பயணஞ் செய்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். நகரத்துக் கடைகளிலும் வீடுகளிலும் வேலைசெய்துவிட்டுத் திரும்பும் தோட்டத்து இளைஞரும் பெண்களும், இருக்கை கிடைத்தாற் சாய்ந்தும், கிடைக்காவிடிற் கம்பியைப் பற்றி நின்றபடியும் கண்ணயர்வர். இதனைக் கண்ட நம் படித்த வர்க்கத்தினர், “இடங்கண்டால் உறங்கும் சனம், எங்ஙனம் முன்னேறும்?” என்பர். இக்கூற்று தவறானது மட்டுமன்று, நேர்மையற்றதுமாகும். கண்ட இடத்தில் உறங்குவோர், உறங்கவேண்டிய இடத்தில் உறங்கவிடப்படாதோர் என்பதே உண்மை.

இவர்களின் இரவு தானாகக் குறையவில்லை, குறைக்கப்பட்டது. லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்னரே கோப்பித் தோட்டங்களில் நேரத்தின் ஆட்சி தொடங்கிவிட்டது. விடியுமுன் தப்பு முழக்கி எழுப்புவது, பெரட்டுக்களத்தில் வரிசையாக நிறுத்துவது, பிந்தி வந்தோரைத் திருப்பியனுப்புவது என்பனவெல்லாம் அவ்வாட்சியின் சடங்குகள். பெண்ணுக்கோ நாள் இன்னும் நீண்டது. பெரட்டுக்கு முன் அடுப்பும் தண்ணீர்க்குடமும். பின் பிள்ளையைக் காம்பராவிற் சேர்த்துவிட்டு மலையேற்றம். கொழுந்து நிறுத்த பின் மீண்டும் அடுப்பு. படுக்கச் சென்றாலோ, அடுத்த வீட்டு இருமலும் கேட்கும் லயத்து ஒற்றை அறை. இத்தகையவள் வாகை மரநிழலிற் கால்மணி நேரம் கண்மூடினால் அது சோம்பலாம்! லூல்கந்துரையில் டெயிலர் அமர்ந்து இளைப்பாறியதாகக் கூறப்படும் கல்லிருக்கையை இன்றும் பயணிகளுக்குக் காட்டுகின்றனர். துரையின் ஓய்வு வரலாற்றுச் சின்னமாயிற்று.

சோம்பல் என்ற இச்சொல்லின் வரலாறும் நோக்கத்தக்கது. கண்டிச் சிங்கள விவசாயி தன் வயலையும் சேனையையும் விட்டுத் தோட்டத்தில் நிரந்தரக் கூலியாக வர மறுத்தபோது, பெருந்தோட்டக்காரர் அவனைச் சோம்பேறி என்றனர். அவனுக்குப் பதிலாகத் தென்னிந்தியாவிலிருந்து தமிழர் கொணரப்பட்டனர். காலப்போக்கில் அதே சொல் அவர்கள் மீதும் விழுந்தது. மலாயர், ஜாவானியர், பிலிப்பைன்ஸ் மக்கள் ஆகியோர் மீது இப்பழி சுமத்தப்பட்ட விதத்தை சையத் ஹுசைன் அலத்தாஸ் 1977 இல் வெளிவந்த தம் நூலில் விரித்துக்காட்டினார். முதலாளியின் கணக்கிற்கு அடங்காத நேரமே சோம்பல் எனப் பெயர்பெற்றது.

தமிழறிந்தோர் சிலர் உடனே வள்ளுவரைத் துணைக்கழைப்பர். மடியின்மை அதிகாரத்தில் அளவிறந்த துயிலும் கேட்டிற்கு வழியாகக் கூறப்படுவது மெய்யே. ஆயின் அவ்வதிகாரம் பொருட்பாலில் அரசியலின் கண் அமைந்தது, ஆள்வோனை நோக்கியது. அதனைக் கூடை சுமப்பவள் மீது ஏவுதல் குறளுக்குச் செய்யும் நீதியன்று. (கும்பகருணனை உறக்கத்தின் உருவமாக எள்ளுவோரும், அவன் உறக்கத்தைக் குலைத்தது ஓர் அரசனின் போர் என்பதைச் சொல்வதில்லை.)

இன்று வேறொரு கூட்டம் தோன்றியுள்ளது. நண்பகலுக்குப் பின் விழிப்பு தளர்வது உடலின் இயல்பு, மதிய உணவு உண்ணாதோர்க்கும் அது நேரும் என ஆய்வாளர் காட்டியுள்ளனர். அமெரிக்க விண்வெளி நிறுவனம் விமானிகளிடம் நடத்திய ஆய்வில், சராசரி 26 நிமிடத் துயில் அவர்தம் விழிப்பைக் கூட்டியமை தெரியவந்தது. ஆகவே குறுந்துயில் நன்று, அதனால் உற்பத்தி பெருகும் என்கின்றனர் இவர்கள். விமானி துயின்றால் விஞ்ஞானம், கொழுந்தெடுப்பவள் துயின்றால் குற்றம் என்ற பேதம் ஒருபுறமிருக்க, இப்புகழ்ச்சியும் உறக்கத்தை உரியவளிடமிருந்து பறித்து உற்பத்திக் கணக்கிலேயே பதிகின்றது. களைத்தவள் உறங்குவதற்குக் களைப்பே போதிய நியாயம்.

2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்டபோது, கம்பனிகள் பல நாளொன்றுக்கு எடுக்கவேண்டிய கொழுந்தின் நிறையை உயர்த்த முற்பட்டன. நிறை குறைந்தால் அரைப்பேர். கூடிய ஒவ்வொரு கிலோவும் அவளது ஓய்வு வேளையிலிருந்தே வரவேண்டும். சம்பளம் பற்றிப் பேசும் தொழிற்சங்கத் தலைவர்கள் இதனைப் பேசுவது அரிது. ஆய்வாளராகிய நாமோ அதனினும் அரிது. ஹந்தானை அடிவாரத்தில் இருந்துகொண்டு, மதிய உணவின் பின் நூலகத்து மேசையிலே தலைசாய்த்துத் துயிலும் நாம், மேலேயுள்ள லயங்களிற் பெண்கள் எத்தனை மணிக்குப் படுக்கின்றனர், எத்தனை மணிக்கு எழுகின்றனர் என்பதைக் குறிப்பேட்டுடன் சென்று கேட்டெழுத ஒரு தவணைகூடத் தேவைப்படாது.