பேசத் தெரியுமா? புரிய வைக்கத் தெரியுமா?

வெளிநாட்டு வேலைக்குத் தயாராகிட்டிருக்கிற நர்ஸோ டாக்டரோ உங்க சொந்தத்துல ஒருத்தராவது இருப்பாங்க. "எந்தப் பேப்பர் பயமா இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. நிறைய பேர் சொல்ற பதில்: ஸ்பீக்கிங்.

ஏன்னு கேட்டா, "நம்ம இங்கிலீஷ்ல தமிழ் வாடை அடிக்குதே சார்" என்பாங்க. அதைப் போக்கவே காசு கட்டி அக்சென்ட் கிளாஸ் போறவங்களும் உண்டு.

நண்பர்களே, அந்தத் தேர்வு உண்மையில் எதை அளக்குதுன்னு தெரிஞ்சா இந்தப் பயம் பாதி குறையும். கூடவே நம்ம ஊர் நோயாளியைப் பற்றி ஒரு கேள்வியும் எழும். ரெண்டையும் சொல்றேன். நீளமான திரெட், பொறுமையா படிங்க.

முதல்ல ஐ.இ.எல்.டி.எஸ். இது எல்லாத் துறைக்கும் பொதுவான தேர்வு. ஸ்பீக்கிங் 11 முதல் 14 நிமிடம். எதிரே ஒரு தேர்வாளர். ஊர், படிப்பு, பொழுதுபோக்குன்னு கேள்வி வரும். நடுவுல ஒரு தலைப்பு தருவாங்க, 1 நிமிடம் யோசிச்சு 2 நிமிடம் வரை பேசணும்.

அடுத்து ஓ.இ.டி. இது மருத்துவத் துறைக்கே உரிய மொழித் தேர்வு. ஆஸ்திரேலியாவில் பிறந்தது. டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட்னு 12 தொழிலுக்குத் தனித்தனியா நடக்குது.

இதுல ஸ்பீக்கிங்னா ரெண்டு ரோல் ப்ளே. உங்களுக்கு ஒரு கார்டு தருவாங்க, படிக்க 3 நிமிடம், பேச சுமார் 5 நிமிடம். எதிரே இருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். அவர் மார்க் போடுறதில்லை. பேச்சைப் பதிவு பண்ணி, வேறு மதிப்பீட்டாளர்கள் கேட்டு மார்க் போடுவாங்க.

மார்க் எதுக்கு? இங்கதான் விஷயமே இருக்கு.

மொழிக்கு 4 அளவுகோல்: பேச்சு புரியுதா, தடையில்லாம வருதா, ஆளுக்கும் இடத்துக்கும் பொருந்துற வார்த்தையா, இலக்கணமும் சொல்வளமும் எப்படி. ஒவ்வொன்றுக்கும் 6 வரை.

அதோட இன்னும் 5 அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் 3 வரை: நோயாளியோட உறவை ஏற்படுத்துறது, அவர் பார்வையைப் புரிஞ்சுக்கிறது, பேச்சை ஒழுங்கா நடத்திட்டுப் போறது, தகவலைக் கேட்டு வாங்குறது, தகவலைச் சொல்றது. இந்த 5-ம் 2018-ல் சேர்க்கப்பட்டவை.

கவனிங்க, "வெள்ளைக்காரர் மாதிரி பேசுறாரா?"ன்னு ஒரு கட்டமே கிடையாது. உங்க தமிழ் வாடை, கேட்பவருக்குப் புரியாம தடுத்தால்தான் மார்க் குறையும். ஐ.இ.எல்.டி.எஸ்-லயும் அப்படித்தான்.

ஒரு உதாரணம் சொல்றேன். கார்டுல 55 வயது அம்மா. சர்க்கரை கட்டுப்படல, இன்சுலின் ஆரம்பிக்கணும். அவங்க வேண்டாம்ங்கிறாங்க.

முதல் ஆள் ஒரு இலக்கணப் பிழை இல்லாம, மூச்சு விடாம, இன்சுலின் எப்படி வேலை செய்யுதுன்னு பாடம் எடுத்துட்டார்.

இரண்டாம் ஆள் அங்கங்க தடுமாறினார். ஆனா, "இன்சுலின்னதும் உங்களுக்கு என்ன பயம்மா?"ன்னு கேட்டுட்டு நிறுத்தினார். "எங்க அக்காவுக்கு ஊசி போட ஆரம்பிச்சப்புறம்தான் காலை எடுத்தாங்க"ன்னு பதில் வந்துச்சு. காலை எடுக்க வெச்சது ஊசி இல்லை, பல வருஷம் கட்டுப்படாத சர்க்கரைன்னு அவர் விளக்கினார்.

இதுல யார் சொன்னதைக் கேட்டு அந்த அம்மா ஊசி போட்டுக்குவாங்க?

மொழி முக்கியமில்லைன்னு நான் சொல்லல. தவறான காலம், தவறான அளவு சொன்னா ஆபத்து நோயாளிக்குத்தான். பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் ஓ.இ.டி-யில் எழுத்துக்கு 300 மார்க் போதும்னு தளர்த்தியிருக்கு. பேச்சுக்கு 350-ல இருந்து இறங்கல. எழுதினதைத் திருத்த நேரம் இருக்கும், கட்டில் பக்கத்துல நின்னு தப்பாச் சொன்னதை யார் திருத்துவாங்க?

"5 நிமிட நடிப்பை வெச்சு எப்படி எடை போடறது?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். தேர்வு அறையில அழுற குழந்தை இல்லை, பின்னாடி 40 பேர் வரிசை இல்லை. "உங்க கஷ்டம் புரியுது"ன்னு மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறவங்களும் இருக்காங்க. ஆனாலும், பொழுதுபோக்கைப் பற்றிப் பேச வெச்சுப் பார்க்குறதை விட, செய்யப் போற வேலையையே செய்ய வெச்சுப் பார்க்குறது மேல்.

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே. அங்கே வெளிநாட்டு டாக்டருக்கு மருத்துவ மொழித் தேர்வு 3 பகுதி, ஒவ்வொன்றும் 20 நிமிடம். நோயாளியிடம் பேசணும், கேட்டதை எழுதணும், பிறகு அதே கேஸை இன்னொரு டாக்டரிடம் சொல்லணும். ஒரே நோயை ரெண்டு மொழியில சொல்லத் தெரியணும்: ஒண்ணு நோயாளி மொழி, இன்னொண்ணு டாக்டர் மொழி.

சரி, இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

தமிழ்நாடு அரசு வேலைக்கான தேர்வுகள்ல தமிழ்த் தாள் 2021-ல் கட்டாயமாச்சு, 40 சதவீதம் எடுக்கணும். நல்ல முடிவு. ஆனா அது எழுத்துத் தேர்வு. நம்ம அரசு மருத்துவக் கல்லூரிகள்ல எம்.பி.பி.எஸ் இடத்துல 15 சதவீதமும் பட்ட மேற்படிப்புல பாதியும் அகில இந்திய ஒதுக்கீடு. அதுல வர்றவங்க தமிழ் பேசிக் காட்டாமலேயே வார்டுக்கு வந்துடுறாங்க. அவங்க மேல குறையில்லை, 6 மாசத்துல அழகா தமிழ் பேசுறவங்களையும் பார்த்திருக்கேன். ஆனா அந்த 6 மாசம் நோயாளி என்ன செய்வார்?

"நெஞ்சு கரிக்குது", "நெஞ்சை அடைக்குது", "நெஞ்சு படபடங்குது". மூணும் நெஞ்சுதான். ஆனா முதல்ல தோணுறது ஒண்ணுக்கு வயிற்று அமிலம், ஒண்ணுக்கு மாரடைப்பு, ஒண்ணுக்கு இதயத் துடிப்புக் கோளாறு. "இழுப்பு"ன்னா சிலருக்கு மூச்சு இரைப்பு, சிலருக்கு வலிப்பு. எழுத்துத் தேர்வுல இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

தமிழ்ல பிறந்து வளர்ந்த நாங்களும் தப்பிக்க முடியாது. "ஃபாஸ்டிங்ல வாங்க"ன்னு சொல்லி அனுப்புறோம். "வெறும் வயித்துலதான் சார் வந்தேன், டீ மட்டும்தான் குடிச்சேன்"னு வந்து நிக்கிறாங்க. தண்ணி தவிர எதுவும் கூடாதுன்னு சொல்லாதது யார் தப்பு?

அதனால என் கருத்து இதுதான். நம்ம அரசு மருத்துவமனையில நோயாளியைப் பார்க்கப் போற ஒவ்வொரு டாக்டருக்கும், நர்ஸுக்கும் 10 நிமிடம் தமிழ்ல ஒரு ரோல் ப்ளே வைக்கணும். அவர் எந்த மாநிலமா இருந்தாலும் சரி, நம்ம ஊரா இருந்தாலும் சரி. தோற்றா வேலையைப் பறிக்க வேண்டாம், பயிற்சி கொடுத்து மறுபடி வைங்க. கடைசியில நோயாளியா நடிச்சவரிடம் ஒரே கேள்வி: "டாக்டர் என்ன சொன்னார், சொல்லுங்க?" அவர் சரியாச் சொன்னா டாக்டர் பாஸ்.

வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு: அக்சென்ட் கிளாஸ் காசை மிச்சம் பிடிங்க. மருத்துவம் தெரியாத ஒருத்தரை உட்கார வெச்சு ஒரு நோயை எளிய இங்கிலீஷ்ல விளக்குங்க. போன்ல பதிவு பண்ணிக் கேளுங்க. நடுவுல நிறுத்துங்க, கேள்வி கேளுங்க, புரிஞ்சுதான்னு பாருங்க.

நோயாளிகளுக்கு: புரியாம தலையாட்டாதீங்க. "நான் புரிஞ்சுக்கிட்டது சரியா டாக்டர்?"னு நீங்களே ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க. கூட்டமா இருந்தாலும் கேளுங்க. பதில் சொல்றது எங்க வேலை.