விலைக்குக் கிடைக்காத மலர்

பீடத்தை அலங்கரிக்கும் நிலச்சம்பங்கியை நாம் அனைவரும் அறிவோம். விதையினால் அன்றி, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைப் பிரித்து நட்டே அதனைப் பெருக்குகிறோம். இவ்வாறே கிழங்கினால் பெருகும் மலர்களுள் ஒன்றுதான் டியூலிப். குளிர்காலத்தின் கடுங்குளிரை அனுபவித்தாலன்றி இது செவ்வனே பூப்பதில்லை. ஆதலால் நம் சமவெளிகளில் இதனைக் காண்பது அரிது. ஆயினும் இம்மலரைக் காத்துவரும் ஒரு சங்கத்தின் வரலாறு, நம் இல்லங்களும் பங்குகளும் எண்ணிப் பார்க்கத்தக்க ஒன்றாகும்.

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷயரில், வேக்ஃபீல்டு என்னும் நகரம் உள்ளது. அங்கே ‘வேக்ஃபீல்டு மற்றும் வட இங்கிலாந்து டியூலிப் சங்கம்’ 1836-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்டு இன்றும் இயங்கி வருகிறது. மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நடத்துவது அதன் மரபு. கண்காட்சியில் மலர்களைத் தாங்கி நிற்பவை வெள்ளிக் கிண்ணங்களோ பளிங்குச் சாடிகளோ அல்ல. பழுப்பு நிறப் பீர் புட்டிகள்! உழைப்பாளரின் வீட்டில் எளிதாகக் கிடைத்த புட்டியே பூச்சாடியாயிற்று. வசதி வந்த பின்னரும் சங்கத்தார் அதனை மாற்றவில்லை.

ஆம், இது உழைப்பாளர்கள் வளர்த்த கலை. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் வேக்ஃபீல்டில் காலணி தைப்போர் பலர் இம்மலரை வளர்த்தனர். டார்பி நகரில் டாம் ஸ்டோரர் என்னும் இரயில் எஞ்சின் ஓட்டுநர் இருந்தார். அவர் இருப்புப் பாதையின் கரைச் சரிவுகளிலேயே கிழங்குகளை நட்டு வளர்த்தார். அவர் விதையிலிருந்து உருவாக்கிய ‘சாம் பார்லோ’, ‘டாக்டர் ஹார்டி’, ‘லார்ட் ஸ்டான்லி’ ஆகிய வகைகள், அவர் மறைந்து நெடுங்காலமாகியும், இன்றும் பூத்து வருகின்றன.

இவர்கள் போற்றும் டியூலிப், கடைகளில் கிடைக்கும் ஒரே நிற மலர் அன்று. வெள்ளை அல்லது மஞ்சள் நிறத் தரையில், சிவப்போ ஊதாவோ பழுப்போ, இறகின் இழைகளைப் போலவும் தீயின் நாக்குகளைப் போலவும் படர்ந்திருக்கும். இத்தகைய மலரை வளர்ப்போர் ‘உடைந்த மலர்’ என்பர். இந்த அழகுக்குக் காரணம் என்ன என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1928-ஆம் ஆண்டில் டோரத்தி கேய்லி என்னும் இங்கிலாந்து அறிவியலாளர், ஒரு கிழங்கின் திசுவை மற்றொன்றோடு ஒட்டவைத்து ஆராய்ந்து, இவ்வியல்பு தொற்றிப் பரவக்கூடியது என்று காட்டினார். அது ஒரு வைரஸ் நோய் என்பதும், அசுவினிப் பூச்சிகளால் பரவுகிறது என்பதும் இன்று தெளிவாகிவிட்டன. அந்நோய் இதழின் மேல்நிறத்தை ஆங்காங்கே தடுத்துவிடுவதால், அடியிலுள்ள வெண்மையோ மஞ்சளோ வெளிப்பட்டு இக்கோலம் உண்டாகிறது.

அழகைத் தரும் இந்நோய் கிழங்கின் வலிமையை உறிஞ்சிவிடுகிறது. டியூலிப்பின் இயல்பையும் இங்கே அறிந்துகொள்ள வேண்டும். நட்ட கிழங்கு அவ்வாண்டிலேயே தன்னை முழுவதும் செலவழித்து மறைந்துபோகும். அதன் இடத்தில் சேய்க் கிழங்குகள் தோன்றும். நலமான செடி பல சேய்களை ஈனும். நோயுற்றதோ மிகச் சிலவற்றையே ஈனும். சில ஆண்டுகளில் ஒன்றுதான் கிடைக்கும். விதை போட்டுப் பெருக்கலாம் என்றால், விதையின் வழியாக இந்நோய் செல்வதில்லை. விதையிலிருந்து வரும் செடி பூப்பதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். பூக்கும்போதும் அது ஒரே நிற மலராகவே இருக்கும். ‘சாம் பார்லோ’ வேண்டுமென்றால், ஸ்டோரரின் கையிலிருந்து வழிவழியாக வந்த கிழங்கின் சேய் ஒன்று கிடைத்தே ஆகவேண்டும். வேறு வழியில்லை.

இப்போது ஒரு பழைய கதையை நினைவுகூர்வோம். 1630-களில் ஹாலந்து நாட்டில் இதே ‘உடைந்த’ டியூலிப்புக்குச் செல்வர்கள் பித்துக்கொண்டு அலைந்தனர். நிலத்துக்குள் கிடக்கும் கிழங்கை எவரும் காணாமலேயே விலை பேசி, வாங்கியதை வேறொருவருக்கு விற்று இலாபம் தேடினர். 1637-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அச்சந்தை சரிந்தது. அந்நாளில் விலையில் தலைசிறந்து நின்ற ‘செம்பர் அகஸ்டஸ்’ என்னும் வகை இன்று உலகில் இல்லை. ஓவியங்களில் மட்டுமே உள்ளது. பெருஞ்செல்வர் விலை கொடுத்தும் நிலைக்காத மலர் ஒருபுறம். இரயில் ஓட்டுநர் பாதையோரத்தில் வளர்த்து இன்றும் நிலைத்திருக்கும் மலர் மறுபுறம். நோய் இரண்டுக்கும் பொது. மண்ணும் மழையும் மட்டுமே இந்த வேறுபாட்டை விளைவித்தன என்று சொல்ல இயலுமோ?

வேக்ஃபீல்டு சங்கத்தின் வழக்கத்தில் இதற்கு விடை காணலாம். இக்கிழங்குகள் பெரும்பாலும் கடைகளில் கிடைப்பதில்லை. தம்மிடம் மிகுதியாக உள்ளவற்றை உறுப்பினர்கள் சங்கத்துக்கு அளிப்பர். சங்கம் அவற்றைப் புதியவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும். ‘மிகுதி’ என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். ஆனால் ஓராண்டு முழுவதும் காத்திருந்து, மண்ணைத் தோண்டி, இரண்டே கிழங்குகளைக் கண்டெடுத்தவர், அவற்றுள் ஒன்றை அனுபவமற்ற ஒருவரிடம் ஒப்படைப்பதென்றால் சும்மாவா? பெற்றவர் அதனை அழுகவிட்டாலும் விடலாம். எனினும் கொடுக்கிறார், கொடுப்பதோடு நில்லாமல், எப்போது நடுவது, எப்போது தோண்டுவது, நோயுற்றதை நலமானதிலிருந்து எவ்வாறு விலக்கி வைப்பது என்றும் கற்பிக்கிறார். பின்னொரு நாள் அவருடைய தோட்டமே அழிந்தாலும், அம்மலர் மற்றொரு தோட்டத்தில் உயிரோடிருக்கும். தமக்கென்று பூட்டி வைத்திருந்தால், அவரோடு அதுவும் மடிந்திருக்கும். இங்கிலாந்தில் முன்பு இத்தகைய சங்கங்கள் பல இருந்தன. நாடு தழுவிய பெருமை பெற்றிருந்த தேசிய டியூலிப் சங்கமே 1936-இல் கலைக்கப்பட்டது. பழைய மரபில் எஞ்சி நிற்பது வேக்ஃபீல்டு சங்கம் ஒன்றே.

அன்பார்ந்த வாசகர்களே! நம்மிடமும் விலைக்குக் கிடைக்காத கிழங்குகள் சில உண்டு. மாலை வேளையில் குடும்பமாகக் கூடிச் சொல்லும் செபமாலை ஒன்று. பாட்டியார் மனப்பாடமாக அறிந்த பழைய தவக்காலப் பாடல்கள் மற்றொன்று. பாஸ்கு நாடகத்தில் யார் எங்கே நிற்க வேண்டும், எந்த இராகத்தில் புலம்ப வேண்டும் என்பதை அறிந்த முதியவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். இவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குச் செல்லாவிட்டால், அடுத்த தலைமுறைக்கு ஏட்டில் எழுதிய பெயராக மட்டுமே எஞ்சும்.

ஆனால் நாம் செய்வது யாது? பக்த சபையின் கணக்குப் புத்தகமும் பேழையின் சாவியும் இருபது, முப்பது ஆண்டுகளாக ஒரே கையில் இருப்பதைப் பல பங்குகளில் காண்கிறோம். “அவன் சிறுவன், கெடுத்துவிடுவான்” என்று சொல்லிப் பாடகற்குழுவின் பொறுப்பை இளைஞனுக்குத் தர மறுக்கிறோம். பிறகு, “இக்காலத்து இளைஞர்கள் கோயில் பக்கமே வருவதில்லை” என்று மனம் வருந்துகிறோம். கிழங்கைக் கொடாமல் பூவை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

தாலந்து உவமையில் வரும் ஊழியனும் தனக்குக் கிடைத்ததை மண்ணில்தான் புதைத்தான். தோட்டக்காரரும் புதைக்கிறார். இருவருக்கும் வேறுபாடு யாது? ஊழியன் அச்சத்தினால் புதைத்தான். கொடுத்தவரிடம் அப்படியே திருப்பித் தந்தால் போதும் என்று எண்ணினான். தோட்டக்காரரோ, தாம் நடும் கிழங்கு அப்படியே திரும்பி வராது என்பதை அறிந்தே நடுகிறார். அது தன்னையே கரைத்துக்கொண்டு சேயை விட்டுச் செல்லும் என்பதே அவருடைய நம்பிக்கை. பெற்றோரின் வாழ்வும் இத்தகையதன்றோ? ஆசிரியர், உபதேசியார், குருக்கள் ஆகியோரின் பணியும் இதுவேயன்றோ?

ஆகவே இம்மாதம் ஒன்று செய்வோம். நமக்கு நன்கு தெரிந்த ஒரு பாடலையோ, ஒரு செபத்தையோ, ஒரு தொழில் நுணுக்கத்தையோ, ஒரு பொறுப்பையோ தேர்ந்துகொள்வோம். அதனைப் பெறத்தக்க ஓர் இளையவரை அருகில் அழைத்து அமர்த்தி, பொறுமையாகக் கற்றுக்கொடுப்போம். அவர் முதன்முறை தவறு செய்வார், செய்யட்டும். நாம் இருக்கும்போதே தவறினால் திருத்துவதற்கு நாம் இருப்போம்.