சட்டியிலிருந்து கப்பலுக்கு

வடை, கறிபாப், பொரித்த கோழி, பொரித்த வாழைப்பழம் என எண்ணெயில் பொரித்த பண்டங்களுக்குச் சிங்கப்பூரில் பஞ்சமே இல்லை. ஆனால், பொரித்து முடிந்தபின் சட்டியில் எஞ்சும் கறுத்த எண்ணெய் என்ன ஆகிறது என்று பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால், அது குழாய்க்குள் உறைந்து கழிவுநீர்ப் பாதையை அடைத்துவிடும். முறையாகச் சேகரித்தால், அதே எண்ணெய் கப்பலை இயக்கும் எரிபொருளாக மாறும். கப்பல்களால் ஏற்படும் தூய்மைக்கேட்டைக் குறைக்க இந்த வழியை மேலும் பயன்படுத்த வேண்டும். அதே வேளையில், அந்த எண்ணெய் உண்மையிலேயே கழிவுதானா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

உலக நாடுகளுக்கிடையே வாங்கி விற்கப்படும் பொருள்களில் பெரும்பகுதி கப்பல் வழியாகவே செல்கிறது. அதனால், புவியைச் சூடாக்கும் வாயுக்களில் ஏறத்தாழ 3 விழுக்காடு கப்பல்களிலிருந்து வெளியாகிறது. கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், டீசல் போன்றவற்றைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கெட்டியான எண்ணெயையே பல கப்பல்கள் நெடுங்காலமாக எரித்து வருகின்றன. அந்த எண்ணெயில் உள்ள கந்தகம் எரியும்போது நுரையீரலைப் பாதிக்கும் நச்சுவாயு உண்டாகிறது. கப்பல் எரிபொருளில் 3.5 விழுக்காடு வரை இருக்கலாம் என்றிருந்த கந்தக அளவை, அனைத்துலகக் கடல்துறை அமைப்பு 2020ஆம் ஆண்டு 0.5 விழுக்காடாகக் குறைத்தது. கந்தகம் குறைந்தாலும், கரிம வாயுச் சிக்கல் அப்படியே உள்ளது.

இந்தச் சிக்கலில் சிங்கப்பூருக்குத் தனிப் பொறுப்பு உண்டு. கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் துறைமுகங்களில் உலகிலேயே பெரியது சிங்கப்பூர்தான். 2024ஆம் ஆண்டில் மட்டும் இங்கு ஏறத்தாழ 55 மில்லியன் டன் எரிபொருள் விற்கப்பட்டது. இங்குக் கிடைக்கும் எரிபொருள் தூய்மையானால், அதன் நன்மை பல கடல்களுக்கும் சென்று சேரும்.

தாவர எண்ணெயில் இயந்திரத்தை இயக்குவது புதிய எண்ணமன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியிலேயே டீசல் இயந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. இன்று பயன்படுத்திய சமையல் எண்ணெயை முதலில் வடிகட்டி, அதிலுள்ள நீரை நீக்குகிறார்கள். பின்னர் அதனுடன் மெத்தனாலையும் வினையைத் தூண்டும் வேதிப்பொருளையும் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். கிளிசரின் அடியில் தங்கிவிடுகிறது; மேலே உயிரி டீசல் கிடைக்கிறது. கிளிசரினும் வீணாவதில்லை. அதைத் தூய்மைப்படுத்தி, சோப்பு போன்ற பொருள்களில் பயன்படுத்தலாம்.

உயிரி டீசலில் கந்தகம் இல்லையென்றே சொல்லலாம். அது எரியும்போது புகைக்கரியும் குறைவாகவே உண்டாகிறது. கரிம வாயு வெளியாவது உண்மைதான். ஆனால், அதில் பெரும்பகுதி எண்ணெய் தந்த செடிகள் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட வாயுவே. எல்லாவற்றிற்கும் மேலாக, உயிரி டீசலை வழக்கமான எரிபொருளுடன் கலந்து, இப்போதுள்ள இயந்திரங்களிலேயே பெரிய மாற்றமின்றிப் பயன்படுத்தலாம். ஒரு கப்பல் இருபது ஆண்டுகளுக்கு மேல் கடலில் ஓடும். புதிய வகைக் கப்பல்கள் பெருகும்வரை, பழைய கப்பல்களின் புகையைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது.

‘யானைப் பசிக்குச் சோளப்பொரியா?’ என்று சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. 2024ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் விற்கப்பட்ட உயிரி எரிபொருள் கலவை 0.9 மில்லியன் டன்னுக்கும் சற்றுக் குறைவு. அது மொத்த விற்பனையில் 2 விழுக்காடுகூட இல்லை. அந்தக் கலவையிலும் ஒரு பகுதிதான் உயிரி எரிபொருள். விமான நிறுவனங்களும் இதே கழிவு எண்ணெயைத் தேடுகின்றன. மேலும், உயிரி டீசல் நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களைக் குறைப்பதில்லை. சில வேளைகளில் அவற்றைச் சற்றுக் கூட்டவும் செய்யும்.

ஆனால், ஒரு பொருள் குறைவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை வீணாக்கலாமா? குறைவாகக் கிடைப்பதைத் தேவையான இடத்தில் பயன்படுத்துவதே அறிவுடைமை. துறைமுகத்திற்குள் ஓடும் சிறு படகுகள் மின்கலத்தில் இயங்கலாம். பெருங்கடலைக் கடக்கும் சரக்குக் கப்பலுக்கு அது இயலாது. எனவே, மின்சாரம் உதவும் இடத்தில் மின்சாரத்தைப் பயன்படுத்தி, உயிரி டீசலை நெடுந்தூரக் கப்பல்களுக்கு ஒதுக்கலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் நேர்மை தொடர்பானது. கழிவு எண்ணெய்க்குத் தேவை கூடியதால் அதன் விலையும் கூடியுள்ளது. சில வேளைகளில் அது புதிய பாமாயிலின் விலையையும் மிஞ்சுகிறது. அப்போது, புதிய எண்ணெயையே ‘பயன்படுத்திய எண்ணெய்’ என்று விற்கும் ஆசை சிலருக்கு வரக்கூடும். அப்படி நடந்தால், கப்பலின் புகையைக் குறைப்பதாகக் கூறிக்கொண்டு, செம்பனைத் தோட்டத்துக்காக எங்கோ ஒரு காட்டை அழித்ததாகிவிடும். மக்களின் உணவுக்கான எண்ணெயும் இயந்திரத்துக்குப் போய்விடும். எரிபொருளாக மாறியபின் அது எந்த எண்ணெயிலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது எளிதன்று. ஆகவே, சான்றிதழைப் பார்ப்பது மட்டும் போதாது. எண்ணெய் எந்தக் கடையிலிருந்து எவ்வளவு எடுக்கப்பட்டது, எந்த ஆலைக்குச் சென்றது என்பதைத் தொடக்கத்திலிருந்தே பதிவுசெய்து, அடிக்கடி சோதிக்க வேண்டும்.

இந்தப் பதிவின் முதல் வரி சமையலறையில்தான் எழுதப்படுகிறது. உணவங்காடிக் கடைக்காரர் ஆறிய எண்ணெயைத் தனிக்கலனில் ஊற்றி வைத்தால்தான் அதைச் சேகரிக்க முடியும். வீடுகளிலும் இப்பழக்கம் பரவ வேண்டும். அதற்கேற்ற சேகரிப்புக் கலன்கள் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அருகில் இருந்தால், பலரும் மனமுவந்து பயன்படுத்துவார்கள்.

கழிவு எண்ணெய் கடல் முழுவதையும் தூய்மையாக்கிவிடாது. அதற்குப் புதிய எரிபொருள்களும் புதிய கப்பல்களும் தேவை. ஆயினும், அவை வரும்வரை காத்திருக்கும் காலத்தில் செய்யக்கூடிய நல்ல செயல் இது. அந்தச் செயல் பயன்தர வேண்டுமானால், சட்டியில் மிஞ்சிய எண்ணெய் மட்டுமே கழிவு என்ற பெயரில் கப்பலுக்குப் போய்ச் சேர வேண்டும்.