பிரித்தானியர் தந்துபோன பிரிவு 365

இலங்கையின் அம்பாறை மாவட்டத்துப் பெரியநீலாவணையில் ஆணை விரும்பும் ஓர் ஆண்பிள்ளை, பெண்ணை விரும்பும் ஒரு பெண்பிள்ளை, வீட்டுக்கும் ஊருக்கும் மட்டுமல்ல, பொலிசுக்கும் பயந்தே வளர வேண்டியிருக்கிறது. இந்தப் பயத்தை எழுதி வைத்தது நம் மார்க்கமோ மரபோ அல்ல, 1883இல் பிரித்தானியர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவை. அதன் 365ஆம் பிரிவில் ‘இயற்கைக்கு மாறான’ உடலுறவுக்குப் பத்து ஆண்டு வரை சிறை உண்டு. சுதந்திரத்துக்குப் பின் நாமாவது திருத்தினோமா? ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டித்த 365அ பிரிவை 1995இல் திருத்தி, பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்டோம்! 2018இல் பிரித்தானியப் பிரதமர் தெரேசா மே இத்தகைய சட்டங்களுக்காக வருந்தினார். அமெரிக்காவிலோ, தன்பாலீர்ப்புடைய மக்களின் உரிமையை வெளியுறவுக் கொள்கையின் கடமையாக்கும் சட்டமூலத்தைச் செனட்டர் எட் மார்க்கி 2014 முதல் மீண்டும் மீண்டும் கொண்டுவந்தார். அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். ஆனால் உதவியை நிறுத்துவோம் என்ற மிரட்டலாக அது மாறினால், அடி விழுவது நம் கரைவலைக்காரர் வயிற்றில். பழி விழுவது அந்தப் பிள்ளைகள் தலையில். உயிருக்கு அஞ்சி ஓடுபவருக்குப் புகலிடமும், இங்கே போராடுபவருக்குச் சட்ட உதவியும் அமெரிக்கா தரட்டும். மிச்சம் நம் வேலை. 2022இல், இந்தச் சட்டத்துக்கு எதிராக இலங்கைச் செயற்பாட்டாளர் ரொசானா பிளேமர் கல்தேரா செய்த முறைப்பாட்டில், பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு இலங்கை உரிமை மீறியதாகச் சொன்னது. இந்தப் பிரிவுகளைத் திருத்த அன்றைய பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023 மே மாதம் நமது உயர் நீதிமன்றமே தீர்மானித்தது. 2024இல் பாராளுமன்றம் கலைந்தபோதும் அது நிறைவேறியிருக்கவில்லை. அதை மறுபடி கொண்டுவர வேண்டும். அது வாக்கெடுப்புக்கு வரும் நாளில் அம்பாறை மாவட்ட உறுப்பினர்கள் சபையைவிட்டு எழுந்து போகாமல், ஆதரவாகக் கை உயர்த்த வேண்டும்.