எண்ணப்பட்டவரும் எண்ணப்படாதவரும்

1942-ம் வருஷம் பிப்ரவரி 12-ந் தேதி, சிங்கப்பூர் வீழ்வதற்கு மூன்று நாள் முன்னதாக, 'வைனர் புரூக்' என்னும் சிறு கப்பல் அத்துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. ஸ்திரீகளும் குழந்தைகளும் நிரம்பிய அக்கப்பலில் ஆஸ்திரேலிய ராணுவ நர்ஸுகள் 65 பேர் இருந்தனர். 14-ந் தேதி பாங்கா ஜலசந்தியில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசி அதை மூழ்கடித்தன.

சிங்கம்புணரியில் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த விருத்தாந்தத்தைச் சொல்லிக் கொண்டிருந்தோம். நர்ஸுகளில் கடலோடு போனவர் 12 பேர். ஒரு கரையில் ஒதுங்கிய 22 பேரை ஜப்பானியச் சிப்பாய்கள் 16-ந் தேதி கடலுக்குள் நடக்கவிட்டுப் பின்னாலிருந்து சுட்டார்கள். 21 பேர் மாண்டனர். விவியன் புல்விங்கல் ஒருவரே பிழைத்தார். அவர் உட்படச் சிறைப்பட்ட 32 பேரில் 8 பேர் முகாம்களில் இறந்தனர். 1945-ல் தாய்நாடு திரும்பியவர் 24 பேர்.

"இவ்வளவு சரியாக எப்படி ஸார் எண்ணினார்கள்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

நல்ல கேள்வி. ராணுவத்தில் பெயர் ஜாபிதா இருந்தது. பிழைத்தவர்களுக்கு ஞாபகம் இருந்தது. கண்டதை வெளியே சொன்னால் உயிர் தப்பாது என்பதால், சிறையில் மூன்று வருஷத்துக்கு மேல் புல்விங்கலும் தோழியரும் அந்த ரகசியத்தைக் காத்தார்கள். 1946-ல் டோக்கியோ யுத்தக் குற்ற விசாரணை மன்றத்தில் அவர் சாட்சி சொன்னார். மாண்ட தோழியரின் பெயர்கள் சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டன.

அந்தப் பெண் கேட்காத கேள்வி ஒன்று நம் மனத்தை உறுத்திற்று. அதே 1942-ல் பர்மாவை விட்டு நம்மவர் பல லட்சம் பேர் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைக்காதவர் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தார்கள். வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்ற புகார் அப்போதே எழுந்தது. காலராவும் மலேரியாவும் பசியும் பலரைப் பாதையிலேயே கிடத்திவிட்டன. எத்தனை பேர்? தோராயமாகத்தான் சரித்திரம் சொல்லுகிறது. கூலியாட்களின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்?

அந்த நர்ஸுகளுக்குக் கிடைத்த மரியாதை அவர்களுக்கு உரியதே. அதில் நமக்குப் பொறாமை இல்லை. நம்மவருக்கும் அது உரியதல்லவா என்பதே நம் கேள்வி.

கொண்டுவிற்கப் போனவர்களின் சீமை இது. நேயர்களின் வீட்டுப் பெட்டகங்களில் பழைய கடிதங்களும் பேரேடுகளும் இன்னும் இருக்கக்கூடும். நடந்து வந்த பாட்டனாரைப் பற்றிப் பேரப் பிள்ளைகள் சிலவேனும் கேட்டிருப்பார்கள். வழியில் விட்டு வந்தவர் யார், எந்த ஊர், என்ன உறவு என்பதை இன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். கல்லில் வெட்டுவதைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம். முதலில் காகிதத்தில் ஏறட்டும்.